பாம்பாட்டி வந்த இடம்

சென்ற மாதம் உசிலம்பட்டியில் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் தாழட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்தபோது கையில் அகப்பட்டது, அட்டை போன ஒரு 'பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை'. மதுரைப் புது மண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த நாளில் தாத்தா வாங்கி வந்தது. கொட்டை கொட்டையான எழுத்து. பொழுது போகாமல்தான் புரட்டினேன். நாலு மணி பஸ்ஸைத் தவற விட்டேன் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

கதை நம் மதுரையில் நடக்கிறது. பாண்டியன் மகள் அல்லி, நாட்டைப் பறித்துக்கொண்ட நீன்முகனை வென்று தானே சிம்மாசனம் ஏறுகிறாள். ஆண் வாடையே அவளுக்கு ஆகாது. வீட்டில் அம்மா கை ஓங்கினால் "அல்லி ராஜ்யம்" என்கிறோமே, அது இவள் ராஜ்யம்தான். அங்கே வந்து சேருகிறான் அர்ஜுனன். போன இடமெல்லாம் பெண் கிடைத்துப் பழகியவன். இவளோ ஏறெடுத்தும் பார்ப்பதாயில்லை.

வடமொழிப் பாரதத்தில் சித்திராங்கதை என்றொரு ராஜகுமாரி உண்டு. வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகவே பாடினார். ஆனால் அவள் சாது. தகப்பனார் கொடுத்தார், கட்டிக்கொண்டாள். நம் ஜனங்களுக்கு அது போதவில்லை போலும். நூலைப் புகழேந்திப் புலவர் பெயரில் அச்சிட்டு வந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புவதில்லை. யார் எழுதினாலும் சிரிக்கத் தெரிந்த மனிதர். வில்லுக்கு விஜயன் என்று பெயரெடுத்தவனைப் பாம்பாக்கிக் கூடைக்குள் சுருட்டி வைத்துவிட்டார்! கூடையைத் தூக்கி வரும் பாம்பாட்டி யார்? சாக்ஷாத் கிருஷ்ண பரமாத்மா. ஆணை அண்ட விடாத அல்லிக்குப் பாம்பைப் பிடித்துப் போகிறது, அந்தப்புரத்திலேயே வைத்துக்கொள்கிறாள். இரவில் பாம்பு மனிதனாகி, தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறது.

அதுவரை சிரித்த எனக்கு இந்த இடம் உறுத்தியது. வாய்விட்டே சொன்னேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்தாள்.

"முழிச்சிருக்கும்போது கேக்க அவனுக்குத் தைரியம் இல்ல. எனக்கும் அப்படித்தான், ராசா. விடிய விடிய முழிச்ச அசதி. மணவறையில உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா கழுத்துல தாலி. சம்மதமான்னு ஒருத்தரும் என்னையக் கேக்கல."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷம் உங்க தாத்தாகிட்ட முகங்குடுத்துப் பேசல. சோத்த வச்சிட்டுத் திரும்பிக்குவேன். ஒருநா மதுரைக்குப் போயி இந்தப் புஸ்தகத்த வாங்கியாந்தாரு. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே! திண்ணையில உக்காந்து, சொவத்துக்குச் சொல்ற மாதிரி ராகம் போட்டு வாசிச்சாரு. பாம்பாட்டி வந்த எடத்துல சிரிச்சுப்புட்டேன்."

அல்லியும் லேசில் இறங்கி வந்தவளல்ல. விழித்ததும் அவள் படும் ஆத்திரம் பக்கம் பக்கமாகப் போகிறது. என் மட்டில் நூலின் உயிர் அங்கேதான். ஒரு வழியாகச் சமாதானமாகி, மகன் புலந்திரனும் பிறந்த பிறகு நிம்மதி உண்டா? பிள்ளை பவளத் தேர் வேண்டும் என்று அழ, தேடிப் போன அர்ஜுனன் பவளக்கொடி என்கிற இன்னொருத்தியையும் மணந்துகொள்கிறான்! அது 'பவளக்கொடி மாலை'. 1934-இல் தியாகராஜ பாகவதரின் முதல் படமாக வந்ததும் அந்தப் பவளக்கொடி கதைதான்.

"அந்தப் புஸ்தகமும் இருக்கா, அப்பத்தா?" என்றேன்.

"அதையும் வாங்கியாரேன்னாரு. நான் வீட்டுக்குள்ள விடல" என்று சொல்லிவிட்டு மொச்சையைப் புடைக்கப் போனாள்.