திருச்சிக்கு விமானம் 4 மணி நேரம். பயணமோ 13 மணி நேரம்

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து (கேஎல்ஐஏ) திருச்சி விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். நேரடி விமானம் சுமார் 4 மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. ரஜூலா கப்பலில் ஏறி ஒரு வாரம் கடலில் கழித்த தலைமுறைக்கு இது பக்கத்து ஊர் மாதிரிதான். ஆனால், ஊரில் ஒரு சாவு என்று செய்தி வந்து, பேராக் தோட்டப்புறத்திலிருந்து அவசரமாகக் கிளம்பும் குடும்பத்துக்கு இந்த 4 மணி நேரக் கணக்கு உதவாது.

முதல் குழப்பம் டிக்கெட்டிலேயே இருக்கிறது. காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் 10.30 மணிக்குத் திருச்சியில் இறங்கும் என்று அதில் அச்சாகியிருக்கும். ஒன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடக் கூடாது. புறப்படும் நேரம் மலேசிய நேரம்; இறங்கும் நேரம் இந்திய நேரம். இந்தியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திரும்பி வரும்போது அதே 4 மணி நேரம் டிக்கெட்டில் ஆறரை மணி நேரமாகத் தெரியும்.

இரண்டாவது, தரையில் கழியும் நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏவுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நெரிசலையும் சேர்த்தால் 4 மணி நேரம். விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும். ஏர் ஆசியா 2ஆம் முனையத்திலிருந்தும் பாத்தேக் ஏர் 1ஆம் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன; முனையம் மாறிப் போனால் அங்கும் நேரம் போகும். திருச்சியில் குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டி எடுக்க ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் 13 மணி நேரத்துக்கு மேல். அதில் விமானத்தின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை.

வட மாநிலத்தவருக்கு இன்னொரு வழி, 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய பினாங்கு–சென்னை நேரடிச் சேவை. தூரம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து பாயான் லெப்பாஸ், கேஎல்ஐஏ தூரத்தில் பாதிதான். சொந்த ஊர் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் என்றால் இது லாபம். தஞ்சை, புதுக்கோட்டை என்றால் சென்னையிலிருந்து மறுபடியும் 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். இங்கே மிச்சப்படுத்திய நேரம் அங்கே கரைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுக்கக்கூடியது விசா. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் இந்தியா செல்ல முன்கூட்டியே விண்ணப்பித்து விசா பெற்றிருக்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால், மறுநாள் காலை விமானத்தில் இடம் இருந்தும் பயனில்லை.

ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தாரோ உள்ளவர்கள், தொலைபேசி மணி அடிக்கும்வரை காத்திருக்காமல் கடப்பிதழ், விசா இரண்டின் காலாவதித் தேதியையும் இப்போதே பார்த்து வைப்பது நல்லது. விமானம் பறக்கும் 4 மணி நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியுமா என்பதை முடிவு செய்வது மற்ற மணி நேரங்கள்தான்.