பாட்டி சொன்ன வருஷம் தப்பா?

சில ஆண்டுகளுக்கு முன், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாட்டியைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். ஆள் திரும்பவே இல்லை. லயத்து வாசலில் லாரி வந்து நின்றதையும், அம்மா அவசரமாக மரவள்ளிக்கிழங்கைத் துண்டில் முடிந்து கொடுத்ததையும் பாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். "அது நாப்பத்துநாலு தம்பி. தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரம்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இல்ல பாட்டி, பாதை 1943 அக்டோபர்லயே முடிஞ்சிருச்சே"ன்னு குறுக்கே விழுந்தேன்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று எழுந்துபோய்க் காப்பி கலக்கினார். அதுக்கப்புறம் லாரியும் வரல, அப்பாவும் வரல. பதிவு 23 நிமிஷத்தோட நின்னு போச்சு. பாட்டியும் இப்போது இல்லை.

அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இருக்கின்றன. டைரி எழுதினார்கள், புத்தகம் போட்டார்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் என்று ஒரு கணக்கு. அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம். அவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வாய்ச்சொல்தான். அதைப் போய் நான் திருத்தினேன்!

வாய்மொழி வரலாறு பேசுபவர்கள் அலெஸாந்த்ரோ போர்ட்டெல்லியை விடமாட்டார்கள். இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் போலீசாரால் கொல்லப்பட்ட இளம் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி. ஆனால் ஊர்க்காரர்கள் பலர், 1953இல் ஆலை வேலைநீக்கத்தை எதிர்த்த போராட்டத்தில்தான் அவர் செத்தார் என்றார்கள். போர்ட்டெல்லி அதைப் பிழை என்று தள்ளாமல், ஏன் அப்படி நினைவில் தங்கியது என்று கேட்டார். வேலை பறிபோனதுதான் அவர்களுக்குப் பெரிய காயம். அந்தச் சாவும் அதோடு போய் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. பாதை முடிந்த பிறகும், குண்டு விழுந்த இடங்களைச் சரிசெய்யவும் விறகு வெட்டவும் போர் முடியும் வரை ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாட்டி சொன்ன வருஷம் சரியாகவே இருந்திருக்கலாம். தப்பு என் அரைகுறைப் படிப்பில்.

சிங்கப்பூர் 1979லேயே இதற்கென்று ஓர் அரசுப் பிரிவைத் தொடங்கி, ஜப்பானியர் கால நினைவுகளைப் பல மொழிகளில் பதிந்து வைத்தது. நம் சங்கங்கள் விருந்துக்கும் மாலைக்கும் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன? அதுவரை நம் கைபேசி போதும். பெரியவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வருஷத்தைக் கேட்காதீங்க; அன்னைக்கு வீட்ல என்ன சமைச்சாங்க, யார் அழுதாங்கன்னு கேளுங்க. அவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் பேசாமல் காத்திருங்கள். ஃபேனை மட்டும் அணைச்சிடுங்க, சத்தம் பேச்சை முழுங்கிடும்.

அன்றைக்குச் சிறுவராக இருந்தவர்களுக்கே இப்போது தொண்ணூறு வயது. இந்த வாரமே போங்கள்.