முதுகெலும்பு யாருக்கு இல்லை?

நம் மேடைகளில் ஒரு வசவு உண்டு: 'முதுகெலும்பு இல்லாதவன்.' அடங்கிப் போகிறவனை அப்படித்தான் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நம் பொம்பளைகள் கூட்டம் முடிந்ததும் கையை ஊன்றி ஊன்றி எழுந்ததை நான் பார்க்கவில்லை. அவர்களில் ஒருத்தி என் அம்மா.

திண்டிவனத்துப் பக்கம் ஒரு சேரி எங்களுடையது. பதிமூணு வயசில் நாத்துமுடியைக் கையில் பிடித்தவள் அம்மா. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்குவது, கரும்பு வெட்டு எல்லாமே குனிந்த வேலை. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நட வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் வரப்புமேல் நிற்கிறவன் "இன்னா, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" என்பான். நாற்பது வயசில் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. ஊசியிலும் மாத்திரையிலும் வருசங்களை ஓட்டினாள். அப்புறம் வலி இடது காலில் இறங்கியது. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றது ஸ்கேன்.

விழுப்புரத்தில் ஒரு மருத்துவர் சொன்னார்: "குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஆப்ரேஷன் பத்தி யோசிங்க."

அம்மா கேட்டாள்: "ஆப்ரேஷன் பண்ணிகினா நடவுக்குப் போலாமா சார்?"

அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

நான் மருத்துவத்துக்கு எதிரி அல்ல. கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, மூத்திரம் அடங்காமல் போனாலோ ஒரு நாளும் தள்ளாமல் ஓட வேண்டும். அங்கே கத்திதான் காப்பாற்றும். ஆனால் பெரும்பாலான இடுப்புவலிக்கு அறுவை தேவையில்லை. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியைச் சொல்கிறது. பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அம்மாவுக்குக் கிடைத்ததோ பெல்ட்டும் ஊசியும்தான். விடியுமுன் கழனிக்கு இறங்குகிறவள் உடற்பயிற்சியை எப்போது செய்வாள்?

காப்பீட்டு அட்டை அறுவைக்குப் பணம் கட்டலாம். படுத்திருக்கும் மாதங்களுக்குக் கூலி யார் கட்டுவது? ஜவ்வை எடுத்தபின்னும் அதே சேறு, அதே 75 கிலோ நெல் மூட்டை. நோயை உண்டாக்கிய வேலைக்கே உடம்பைத் தைத்து அனுப்புவதற்குப் பெயர் சிகிச்சையா?

1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய்களுக்குப் பட்டியல் போட்டது. ஈய நஞ்சு அதில் இடம் பிடித்தது. நாற்று நட்டு வந்த இடுப்புவலி இடம் பிடிக்கவில்லை. 'வயசானா வரதுதான்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஊர்த்தெருவிலும் இடுப்புவலி உண்டு; அங்கே படுக்கக் கட்டில் இருக்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது. சேரியில் அவள் படுத்தால் அடுப்பு எரியாது. ஒரே வலிதான், ஆனால் ஓய்வில் சாதி இருக்கிறது.

1978-இல் விழுப்புரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றார்கள். அந்த எண் நமக்கு மனப்பாடம், மறக்கவும் கூடாது. ஆனால் குனிந்து குனிந்தே முடமானவர்கள் எத்தனை பேர்? நம்மிடம் கணக்கில்லை. ரத்தம் சிந்தாத வன்முறையை நாம் எண்ணக் கற்கவில்லை.

கத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அம்மாவும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். கூலியோடு ஓய்வு, தூக்கும் எடைக்கு வரம்பு, இடுப்புவலிக்குத் தொழில்நோய் என்ற பெயர்: இவற்றுக்குப் போராட வேண்டியது நாம்.

அதுவரை அவளைப் பார்த்து 'நிமிர்ந்து நில்' என்று சொல்ல எனக்கு வாயில்லை.