ஷியோரியின் பெயரை எழுதிய கை

ஷுசூகே கனேகோ 2006இல் இயக்கிய ‘டெத் நோட்’ படம், மூலமான மங்காவுக்கு (ஜப்பானியச் சித்திரக்கதைக்கு) இழைத்த துரோகம் என்கிறார் ஒரு விமர்சகர். மூலத்தில் இல்லாத ஷியோரி என்ற காதலியைத் திணித்துக் கண்ணீரைக் காசாக்கிவிட்டார்களாம். விமர்சகரின் இந்த வாதம் தவறு என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். படத்தின் மிக முக்கியமான காட்சியை வாசகரிடமிருந்து மறைத்தால்தான் இப்படி எழுத முடியும்.

பெயர் எழுதினாலே ஆளைக் கொல்லும் நோட்டு லைட்டின் கையில் இருக்கிறது; கிரா என்று எல்லோரும் தேடும் கொலைகாரன் அவன்தான். அருங்காட்சியகத்தில், அவனைச் சந்தேகிக்கும் நவோமி மிசோரா அவன் காதலி ஷியோரியைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, நீதான் கிரா என்று ஒப்புக்கொள்ளும்படி லைட்டை மிரட்டுகிறாள். தப்பி ஓடும் ஷியோரி சுடப்படுகிறாள். நவோமியும் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். லைட் கதறுகிறான். விமர்சகர் பார்த்தது இந்த அழுகையோடு சரி. நவோமி நடந்துகொண்டது நோட்டில் எழுதப்பட்டபடிதான். ஆனால் நோட்டில் ஒருவர் பெயரை மட்டும் எழுதி, அவர் கையால் இன்னொருவரைக் கொல்ல முடியாது. அது நோட்டின் விதி. அப்படியென்றால் ஷியோரியின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியவன் லைட். கிராவைத் துரத்தும் குழுவுக்குள் நுழைய, கிராவிடம் காதலியைப் பறிகொடுத்தவன் என்ற வேடம் அவனுக்கு வேண்டியிருந்தது. லைட்டுடன் திரியும் மரண தேவன் (ஷினிகாமி) ரியூக்கே திகைத்து நிற்கிறான். இதுவா கண்ணீர் வியாபாரம்?

சுகுமி ஓபாவுக்கும் தகேஷி ஒபாட்டாவுக்கும் 12 தொகுதிகள் இருந்தன. லைட்டின் மனம் அழுகுவதைக் கட்டம் கட்டமாக அவனுடைய எண்ணங்களாலேயே காட்ட முடிந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் அதே அழுகல் ஒரு செயலாகக் கண்முன் நடக்க வேண்டும். ஷியோரி அதற்காகவே பிறந்த பாத்திரம்.

இரண்டாம் பாகத்தின் முடிவை, கிராவைத் துரத்தும் துப்பறிவாளன் ‘எல்’லின் ரசிகர்களுக்காக மாற்றினார்கள் என்பது அடுத்த புகார். எல் தன் பெயரைத் தானே நோட்டில் எழுதி, 23 நாள் அவகாசத்தோடு சாகிறான். அதில் எந்த ரசிகனுக்கு என்ன கொண்டாட்டம்? அந்த முடிவில் இன்னொன்றும் நடக்கிறது. லைட் தன் அப்பாவின் பெயரை எழுதுகிறான். மங்காவில் அவன் அதைச் செய்வதில்லை. காதலியைப் பலி கொடுத்தவன் அப்பாவிடம் வந்து நிற்கிறான். விமர்சகர் தனித்தனியே பழித்த இரண்டு மாற்றங்களும் ஒரே கோட்டின் இரு முனைகள்.

லைட் எழுதிய நோட்டு போலி என்ற ஒரே காரணத்தால்தான் அப்பா சோய்ச்சிரோ யாகமி உயிரோடு மகன் முன்னால் வந்து நிற்கிறார். தன்னைக் கொல்லத் துணிந்த மகன் தன் மடியிலேயே சாவதையும் பார்க்கிறார். விமர்சகரின் நீண்ட கட்டுரையில் இந்தத் தகப்பனுக்கு ஒரு வரிகூட இல்லை.