முடிவு நாள் இல்லாத சுங்கம்



தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தை ஆண்டான் முதற் குலோத்துங்கன். பாண்டிநாட்டின்மீது படை நடத்தியவன். ஆகவே, மதுரைக்காரர் நாம் அவன் புகழ் பாட வேண்டிய கடமை ஏதுமில்லை. ஆயினும், வென்ற நாடுகளைவிட விட்டுக்கொடுத்த வரியே அவன் பெயரைக் காத்தது. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே வரலாறு அவனை அழைக்கிறது. முடியரசன் ஒருவனுக்கு வந்த அந்த மனம், குடியரசின் ஆட்சியாளருக்கு ஏன் வரவில்லை?

நம் சுற்றுச்சாலையைப் பாருங்கள். மதுரை மாநகராட்சி கடன் வாங்கிப் போட்ட சாலை அது. விமான நிலையத்துக்குத் திரும்பும் மண்டேலா நகர் அதன்மேல்தான் இருக்கிறது. அக்கடனுக்காக 2001-இல் மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டே கால். கடனை அடைக்கக் கட்டணம் என்றார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. பின்னர் சாலை நான்குவழியாக விரிந்தது. மஸ்தான்பட்டியும் சிந்தாமணியும் சுங்கச்சாவடிகளின் பெயராகவே மக்கள் வாயில் நிலைத்தன.

விமானம் ஏறுவோர் எத்தனை பேர்? அச்சாலையில் மூட்டையும் தாரும் சுமந்து உருளும் வண்டிகள் எத்தனை? விளாங்குடியில் காய்கறி வாங்கும் தாய் சுங்கச்சாவடியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டாள். ஆனால் சுங்கம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், கத்தரிக்காயின் விலையில்!

"உலகெங்கும் உள்ளதுதானே?" என்பர். இலங்கையில் 2013 அக்டோபரில் கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 25.8 கிலோமீட்டர் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. சீனக் கடனில் எழுந்த கட்டணச் சாலைதான். ஆனால் பழைய நீர்கொழும்புச் சாலை கட்டணமின்றி இருக்கிறது. விரைவு வேண்டுவோன் விலை கொடுக்கிறான், வேண்டாதவன் விலகிப் போகிறான். திருமங்கலத்தார் எங்கே விலகுவது? நகராட்சி எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் சாவடி அமைய வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு விதி. கப்பலூர்ச் சாவடியோ அவர்கள் வாயிலிலேயே நிற்கிறது! விதிக்கு விலக்கும் விதியிலேயே உண்டு என்பார்கள். உண்டு, மக்களுக்கு விதி, வசூலுக்கு விலக்கு. 2024 சூலையில் திருமங்கலம் கடையடைத்துக் கேட்டது.

இதனினும் கொடிது ஒன்று. முதலீடு மீண்டபின் கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்றிருந்த ஏற்பாட்டையும் 2023 அக்டோபர்த் திருத்தம் எடுத்துவிட்டது. கடன் தீர்ந்தபின்னும் வட்டிக்காரன் வாசலில் நிற்பதற்குச் சட்டமே பாய் விரித்தது!

டில்லியையும் நொய்டாவையும் இணைக்கும் சாலையின் கதை தெரியுமா? 2001-இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 20 விழுக்காடு இலாபம் உறுதி. குறைந்தால் குறைந்த தொகை செலவுக் கணக்கில் சேரும். அதாவது, வசூலிக்க வசூலிக்கக் கடன் வளரும்! அப்படியொரு கணக்கை நம் ஊர்க் கந்துவட்டிக்காரனும் எழுதத் துணியமாட்டான். அலகாபாத் உயர்நீதிமன்றம் 2016 அக்டோபரில் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்காடியவர்கள் அங்கு வாழும் மக்கள்.

விளாங்குடி 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. வீட்டு வரி செலுத்துகிறோம். வண்டி வாங்கினால் சாலை வரி, எரிபொருள் ஊற்றினால் அதற்கும் வரி. இத்தனையும் கொடுத்தவனிடம் மீண்டும் கை நீட்டுவோர், கணக்கையாவது காட்ட வேண்டாமா? சாலைக்கு ஆன செலவு என்ன, இதுவரை வசூலானது என்ன, மிச்சம் எவ்வளவு, வசூல் நிற்கும் நாள் எது—இந்நான்கையும் ஒவ்வொரு சாவடியிலும் நல்ல தமிழில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுதி வைக்கட்டும். நாளை விமான நிலையத்துக்கு எந்தப் புதிய கட்டணச் சாலை வந்தாலும், கல் நடுமுன் அந்த நாள் ஒப்பந்தத்தில் ஏறியாக வேண்டும். கிளைகள்தோறும் இத்தீர்மானம் நிறைவேறட்டும். படி ஒன்று மாவட்ட ஆட்சியருக்கும், ஒன்று நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் செல்லட்டும்.