"யூசர் எரர்"னு சொல்றதை நிறுத்துங்கப்பா

போன வாரம் ஆபீஸ்ல ஆணி புடுங்கற இடைவேளையில ஒரு பஞ்சாயத்து. அமெரிக்க ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு நாங்க செஞ்சு குடுத்த ஸ்கிரீன் பத்தி நர்சுங்க திரும்பத் திரும்பப் புகார் அனுப்பறாங்க. டமேஜர் ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டார்: "யூசர் எரர். ட்ரெயினிங் பத்தல." எல்லாரும் தலையாட்டினோம், என்னையும் சேர்த்து.

ராத்திரி வீட்டுக்கு வந்து அதே ஸ்கிரீனைத் திறந்து பார்த்தேன். மொத்தம் 14 கட்டாயக் கட்டம், நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாது. அதுல 9 கட்டத்துக்கும் நோயாளியோட உடம்புக்கும் சம்பந்தமே இல்லை, பில்லுக்கும் ரிப்போர்ட்டுக்கும்தான் வேணும். கட்டாயம்னு ஆக்கின அந்த ஒரு வரி கோடை எழுதினது அடியேன்தான்.

"யூசர் எரர்"னு வாய் கூசாம சொல்றவங்க 2013-ல சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததைப் படிக்கணும். பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, 16 வயசுப் பையன், அவன் வழக்கமா சாப்பிடற செப்ட்ரா மாத்திரை ஒண்ணு குடுக்கணும். டாக்டர் 160-னு அடிச்சாங்க. அவங்க நினைச்சது 160 மில்லிகிராம். ஸ்கிரீன்ல தானா வந்து உட்கார்ந்திருந்த அலகு, 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்'. பையன் எடை 39 கிலோவுக்குப் பக்கம். விளைவு, 38½ மாத்திரை! எச்சரிக்கை வரலையான்னு கேட்கறீங்களா? வந்துச்சு. டாக்டருக்கும் வந்துச்சு, மருந்தாளருக்கும் வந்துச்சு. நாள் பூரா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் குதிக்கற எச்சரிக்கைங்க நடுவுல இதுவும் ஒண்ணுன்னு ரெண்டு பேரும் மூடிட்டாங்க. மருந்தகத்து ரோபோ பொட்டலம் கட்டிடுச்சு. கடைசியா நர்சுக்கு சந்தேகம் வந்து பார்கோடை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. 'சரி'ன்னு சொல்லிடுச்சு மெஷின். பையனுக்கு வலிப்பு வந்து, நல்லவேளை, பிழைச்சுக்கிட்டான். அதே ஆஸ்பத்திரி டாக்டர் ராபர்ட் வாக்டர் 'தி டிஜிட்டல் டாக்டர்' (2015) புத்தகத்துல இதை விலாவாரியா எழுதியிருக்கார்.

இதுல யாருப்பா யூசர், எது எரர்?

2016-ல வந்த ஒரு ஆய்வுல அமெரிக்க டாக்டர்கள் 57 பேர் பக்கத்துல நின்னு கணக்கெடுத்தாங்க. நோயாளியோட இருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்ப்யூட்டர், மேஜை வேலைன்னு கிட்டத்தட்ட 2 மணி நேரம் போகுது. அது போக, வீட்டுக்குப் போய் ராத்திரியிலும் தட்டணும். இன்னொரு ஆஸ்பத்திரியோட அவசரப் பிரிவுல, பரபரப்பான 10 மணி நேர ஷிஃப்டுக்கு ஏறக்குறைய 4,000 கிளிக்னு 2013-ல கணக்கு வந்துச்சு. பொட்டி தட்டற நமக்கே இது ஓவர். அவங்க இதுக்கு நடுவுல உயிரையும் காப்பாத்தணும்.

"அப்ப திரும்பப் பேப்பருக்கே போலாமா?"ன்னு கிளம்பி வந்துடாதீங்க. டாக்டர் கிறுக்கலைப் படிக்க மெடிக்கல் ஷாப்காரர் படற பாட்டைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். என் சண்டை கம்ப்யூட்டரோட இல்லை. 2018-ல ஒரு ஒப்பீடு வந்துச்சு: ஒரே சாஃப்ட்வேர்தான், ஆனா அமெரிக்காவுல எழுதற நோயாளிக் குறிப்பு மத்த நாடுகளை விட சராசரியா ஏறக்குறைய 4 மடங்கு நீளம். ஏன்? அங்க அந்தக் குறிப்பு அடுத்த டாக்டருக்காக மட்டும் எழுதறது இல்லை. இன்ஷூரன்ஸ்காரன் காசு குடுக்கணும்னா அவனுக்கு சாட்சியும் அதுதான். 2009-ல சட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான கோடி டாலர் ஊக்கத்தொகையை அரசாங்கம் அள்ளி விட்டப்போ, ஆஸ்பத்திரிங்க அவசர அவசரமா வாங்கிப் போட்டது இந்த மாதிரி கணக்குப்பிள்ளை சாஃப்ட்வேரைத்தான். டைப் அடிக்கற குமாஸ்தா வேலை மட்டும் டாக்டர், நர்ஸ் தலையில.

நாம என்ன பண்ணினோம்? பில்லிங் டீம் கேட்டதையெல்லாம் கட்டமாப் போட்டோம். ஒரு வருஷ ப்ராஜெக்ட்ல ஒரு நர்ஸ்கிட்ட, வீடியோ கால்லயாவது, "எப்படி வேலை பார்க்கறீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டிருப்போமா? நான் கேட்கலை.

மறுநாள் அந்த 9 கட்டத்தையும் கட்டாயமில்லாம ஆக்கலாம்னு டமேஜர்கிட்ட சொன்னேன். "டிக்கெட் போடு"ன்னார். போட்டேன். முன்னுரிமைங்கற இடத்துல 'குறைவு'ன்னு அவரே மாத்தி வெச்சிருக்கார். தினம் காலையில போய் 'அதிகம்'னு மாத்திட்டு வர்றேன்.