யாரை அனுப்புவது, யாரை வீட்டுக்கு விடுவது?

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் ஏழு மாதக் கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், நாளெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததால் வந்த வீக்கம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அது உண்மையும்தான். ஆனால் பிரஷர் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் லேசாக 'உப்பு'ம் (அதாவது புரதம்) தெரிந்தால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சிக்கல் தொடங்குகிறது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவதா, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு விடுவதா? எல்லோரையும் அனுப்பினால் அங்கே படுக்கை இருக்காது. குடும்பத்துக்குக் கூலியும் போகும். விட்டுவிட்ட ஒருத்திக்கு இரவில் வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்க ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறோம்.

இதன் வேரில் தமிழகத் தொடர்பும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சி, பாஸ்டனில் தம் குழுவினருடன் 2003-ல் ஒன்றைக் காட்டினார். பிரீ-எக்லாம்ப்சியா எனும் இந்த நோயில் நஞ்சுக்கொடி எஸ்-ஃப்ளிட்-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இரத்தக் குழாய்களைப் பேணும் பி.எல்.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிப் புரதங்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. பிரஷர் ஏறுவதும் சிறுநீரில் புரதம் கசிவதும் அதற்குப் பிறகு வருபவை. இரண்டு புரதங்களின் விகிதத்தை அளந்தால் நோயின் வேரையே தொட்டுப் பார்க்கலாம்.

2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், நோய் இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட பெண்களில் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 99.3 சதவீதத்தினருக்கு அடுத்த ஒரு வாரத்தில் நோய் வரவில்லை. அந்த மருத்துவருக்கு வேண்டியது இந்த ஒரு வாரம்தான். பி.எல்.ஜி.எஃப்.-ஐ மட்டும் அளந்த பிரிட்டன் ஆய்வில் (2019), நோயைக் கண்டறிய ஆகும் காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது. அமெரிக்காவும் 2023-ல் விகிதப் பரிசோதனைக்கு அனுமதி தந்துவிட்டது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 38-ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது 36.7 சதவீதத்தினருக்குத்தான். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரசவத்தை முன்கூட்டி நடத்துவது தவறு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டியதும் இல்லை. 20 வாரத்துக்குப் பின் சந்தேகம் எழுந்தவர்களுக்குப் போதும்.

பிரஷர் கருவியே ஒழுங்காக இல்லாத நாட்டில் இது ஆடம்பரம் என்பார்கள். பிற மாநிலத்துக்கு அது பொருந்தலாம். இங்கே 100-க்கு 99 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அப்படியிருந்தும் 2018-20 கணக்கெடுப்பில், உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19, மகாராஷ்டிரத்தில் 33. மருத்துவமனைக்கு வரவழைக்கும் வேலையை முடித்துவிட்டோம். வந்தவர்களில் ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தறிவதுதான் இனி உள்ள வேலை. கருவி வாங்கும் செலவும் பல இடங்களில் இராது. தைராய்டு பரிசோதனை செய்யும் அதே வகைத் தானியங்கிக் கருவிகள் சிலவற்றில் இதையும் செய்யலாம். வேதிப்பொருள் கிட் வாங்கினால் போதும். தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும் பரிசோதனை இது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாகப் பேரம் பேசினால் விலை இறங்காதா? மலிவாக மருந்து வாங்குவதில் நாட்டுக்கே வழிகாட்டிய கழகம் அது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இரத்தத்தின் முடிவு மாலைக்குள் அந்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும். மூன்று நாள் கழித்து வருமென்றால் இந்தக் கிட்டை வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னொரு 108 வண்டி விடலாம்.